சீலைக்கு அந்தப் பக்கம் இருந்த பேய்

எண்பதுகளின் ஆரம்பத்தில், மருதமுனையில் ஒரு பின்நேரம், முப்பது பெண்கள் ஒரு பேய்ப்படத்தைப் பார்க்காமலேயே பயந்தார்கள். பிழை என்னுடையது.

படம் காட்டுகிற ஹோலின் ஜன்னல்களை நெல்லுச் சாக்கால் அடைத்திருந்தோம். சாக்கின் ஓட்டைகளால் வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்து சுவரில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. உமி வாசம்... யாரோ பூசி வந்த அத்தர் வாசம்... அப்பால் கடல் இரைகிற சத்தம்.

பழைய பேய்ப்படமா புதியதா, எது பயம் என்று நண்பர்கள் இரண்டு நாளாக இந்தக் குழுவில் வாதாடுகிறீர்கள். நான் சினிமா படித்தவன் இல்லை. பயத்தை டிக்கெட் போட்டு விற்றுப் பார்த்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சவளக்கடையில் ஒரு நெல் ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். என் கூடப்பிறந்த ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், சவூதியிலிருந்து கலர் டிவியும் வீடியோ டெக்கும் கொண்டுவந்தார். அவர் வீட்டு ஹோலிலேயே டிக்கெட் போட்டுப் படம் காட்டுவோம் என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன்.

“ரெண்டு கிழமை பாப்பம். ஆக்கள் வராட்டி சாமான வித்துப்போடுவன். மறுகா நீ மூட்டைக்கே போ” என்றார்.

என் தோளில் அப்போதே காய்ப்பு விழுந்திருந்தது. அந்த ஆலைக்குத் திரும்பக் கூடாது... மனதில் அது ஒன்றுதான்.

முதல் கிழமை ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே சீலை கட்ட வேண்டும். நான் கட்டிப் பழகியதெல்லாம் கலியாண வீடுகளில். சுவரிலிருந்து சுவர் வரை, விரல்கடை இடைவெளி இல்லாமல். எங்களுடையது நெசவு ஊர்; தறியிலிருந்து இறங்கிய புதுத் துணியை அப்படியே இழுத்துக் கட்டினேன். எல்லாரும் வந்து இருந்து, கதவையும் சாத்திய பிறகுதான் பார்த்தேன்.

டிவி ஆண்கள் பக்கம்.

இனிச் சீலையை அவிழ்க்க முடியாது. மச்சான் என்னை முறைத்தார். நான் கெசட்டைப் போட்டுவிட்டேன்.

படத்தில் ஒரு வெறும் பங்களா. கிணற்றுத் துலா கிறீச்சிடுகிறது. யாரோ படியேறுகிறார்கள்... நிற்கிறார்கள்... மீண்டும் ஏறுகிறார்கள். சீலைக்கு அந்தப் பக்கம் ஒரு வளையல் சத்தம்கூட இல்லை. தறியில் ஒரு நூல் அறுந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிற பெண்கள் அவர்கள். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் பேய் வந்தது. முகத்தில் மாவை அப்பிய ஒரு ஆள். பொய்முடி ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பது பேய்க் கூட்டம் என்று நினைத்து, அந்தப் பக்கம் முப்பது பேரும் ஒன்றாக அலறினார்கள். சீலை முழுவதும் அலைபோல எழும்பி அடங்கியது.

முடிந்ததும் சுலைஹா மாமி என்னிடம் வந்தா. அடுத்த வளவு வீட்டில் ஆறு தறி வைத்து நடத்துகிற மனுஷி. காசைத் திருப்பிக் கேட்கப் போகிறா என்று நின்றேன்.

“மனே, கடைசியாச் சிரிச்சது எத்தின பேய்?” என்று தணிந்த குரலில் கேட்டா.

நான் வியாபாரி. “அத மட்டும் கேக்காதீங்க மாமி” என்றேன்.

ஆண்கள் வீட்டுக்குப் போய் அது மா பூசின ஆள் என்று சொல்லித்தான் பார்த்தார்கள். “பயந்தவன் வேற என்னத்தச் சொல்லுவான்” என்றார்களாம் பெண்கள். அந்தக் கிழமை முழுக்க பேய் தறிக்குத் தறி வளர்ந்தது. ஒருத்தி சொன்ன பேய்க்குக் கால் இல்லை. இன்னொருத்தி சொன்னதற்குத் தலைமயிர் கடற்கரை வரை நீண்டு கிடந்தது...

இரண்டாம் கிழமை நான் நியாயமாக நடந்துகொண்டேன். சீலையைச் சுவருக்கு மூன்று முழம் முன்னாலேயே நிறுத்தி, டிவியை இரு பக்கமும் தெரிகிற மாதிரி நடுவில் வைத்தேன். படமும் புத்தம் புதிது, கலர். முதல் காட்சியிலேயே ரத்தம். பெண்கள் அறுபது பேர் வந்தார்கள். பாதிப் படத்தில் முப்பது பேர் எழும்பிப் போனார்கள்.

“ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்கு மாடறுத்து எறச்சி பங்கு வெச்ச ஆக்கள் நாங்க. இந்த ரெத்தத்துக்கா பயப்புடுற?” என்று வாசலில் ஒரு மனுஷி கேட்டுவிட்டுப் போனா.

மச்சான் டிவி வந்த பெட்டியைத் தேடி எடுத்தார்.

இன்றைக்கு என் மகள் வீட்டில் சுவரளவு டிவி. பேயின் பல்லிடுக்கில் இருக்கிற ஊத்தை வரை தெரிகிறது. பேரப்பிள்ளைகள் சிப்ஸ் தின்றுகொண்டே பார்க்கிறார்கள். அதற்காகப் புதியதெல்லாம் குப்பை என்று சொல்ல மாட்டேன். போன மாதம் ஒரு புதுப் படம். ஒரு கதவு பாதி திறந்தபடி நெடுநேரம் நின்றது. ஒன்றுமே வரவில்லை... நான் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டேன். எடுத்தவனுக்குச் சீலை கட்டத் தெரிந்திருக்கிறது.

நான் இப்போது நடத்துகிற புடவைக் கடையிலும் அதுதான் கதை. மடிப்பு முழுவதையும் விரித்துக் காட்டினால், வாங்க வந்தவள் எழும்பி அடுத்த கடைக்குப் போய்விடுவாள்.

அந்த ரத்தப் படம் காட்டிய அன்று, அஸர் தொழுகைக்குப் பிறகு, மச்சான் டெக்கைப் பெட்டிக்குள் இறக்குகிற நேரம் சுலைஹா மாமி இன்னும் இரண்டு பெண்களோடு வந்து அவரிடம் சொன்னா.

“மருமகன், பெட்டிய வெச்சிட்டு நான் சொல்றதக் கேளுங்க. முன்னப் போல சீலை சுவரு வரைக்கும் வரணும். டிவி ஆம்புளையள்ற பக்கமே கிடக்கட்டும். பழைய படம் கொண்டு வாங்க. பொண்டுகளக் கூட்டி வாறது என்ட பொறுப்பு.”

“டிக்கெட் ரெண்டு ரூபா மாமி” என்றேன்.

“ரெண்டு ரூபா பாக்கிற ஆக்களுக்கு. நாங்க கேக்கிற மட்டுந்தானே. ஒரு ரூபா.”

“ஒண்டர.”

“ஒண்டேகால். அதுக்கு மேல கதைக்காத. இன்னொண்டு, பேயிட மொகம் எப்புடியெண்டு எந்த ஆம்புளையும் ஊட்ட வந்து சொல்லப்படா.”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பெண்களுக்கு ஒன்றேகால் ரூபா, சுவரிலிருந்து சுவர் வரை சீலை, ஆண்கள் வாய் திறப்பதில்லை.