அடுக்களை வரை வந்த மேம்பாலம்

நேற்று காலை எங்கள் வீட்டு வாசலில் அளவு டேப்போடு இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

பாளையங்கோட்டையில் மேம்பாலம் வரப்போவது ஊருக்கே தெரியும். அது எங்கள் வீட்டுக்குள் வரப்போவதுதான் எங்களுக்குத் தெரியாது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பாலம் வேண்டும் என்று கேட்டதே நாங்கள்தான். காலையில் ஜங்ஷன் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சிக்காரர்களும் கட்டித் தருகிறோம் என்றார்கள், நாங்களும் கை தட்டினோம். (பாலத்துக்குத் தூண் வேண்டும், தூணுக்கு இடம் வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.)

வந்தவர்களில் ஒருவர் சர்வேயர். இன்னொருவர் கையில் பெயிண்ட் டப்பா. அதனால் சர்வேயர் என் வீட்டுக்காரரிடம், "சார், இந்த முனையைக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுதீங்களா?" என்று கேட்டார்.

இவரும் பிடித்தார்.

பிடித்ததோடு விட்டாரா? டேப் தொய்வாக இருக்கிறது என்று இழுத்து வேறு பிடித்துக் கொடுத்தார். இவர் கணக்கு வாத்தியார், அளவு தப்பினால் பொறுக்காது. நான் என் பங்குக்கு, வெயிலில் நிற்கிறார்களே என்று இரண்டு தம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தேன்.

டேப் முன்னறையைக் கடந்தது. படுக்கையறையைக் கடந்தது. அடுக்களை நிலைக்குப் பக்கத்தில் போய் நின்றது. அங்கே சுவரில் சிவப்பாக ஒரு கோடு போட்டார்கள்.

"இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்டேன்.

"பயப்படாதீங்கம்மா. இப்போதைக்கு அளவுதான். ஆட்சேபனை இருந்தா நாளன்னைக்குக் கருத்துக்கேட்புக் கூட்டத்துல பெட்டி வைப்பாங்க, அதுல மனு போடுங்க" என்றார் சர்வேயர்.

அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. போகும்போது ஒரு தாளை நீட்டினார்கள். இவர் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி ஜெபாவைக் கூப்பிட்டேன்.

"ஏலே, எங்க வீட்டை இடிச்சு ரோடு போடப் போறாங்களாம்."

"அக்கா, இங்கன ரோட்டை இடிக்கணும்னு சண்டை நடக்கு" என்றான்.

அவன் இருக்கும் நகரத்தின் நடுவில் தூண்கள்மேல் ஒரு நெடுஞ்சாலை போகிறது. எங்கள் அப்பா சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் கட்டியதாம். அதற்காகக் கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களைக் கடை, சர்ச் என்று பார்க்காமல் தரைமட்டமாக்கியிருக்கிறார்கள். இப்போது சாலை பழசாகிவிட்டது. இடித்துவிட்டு மரம் நட்ட சாதாரணத் தெருவாக்கு என்கிறார்கள் ஒரு சாரார். புறநகரிலிருந்து காரில் வேலைக்கு வருகிறவர்கள், அதெல்லாம் முடியாது, புதிதாகக் கட்டு என்கிறார்கள். இதற்கென்று நடந்த கூட்டத்துக்கு இவனும் போயிருக்கிறான்.

"அப்போ செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிட்டாங்கல்லா? நல்லதுதானலே" என்றேன். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

"கேளுக்கா. ஒரு வயசான அம்மா எந்திரிச்சாங்க. ஒரு தூணோட படத்தைக் காட்டி, இதுதான் எங்க வீட்டு அடுக்களைன்னாங்க. எல்லாரும் கை தட்டுதாங்க. அந்த அம்மா தட்டாதீங்கன்னுட்டாங்க. இப்போ பக்கத்துல வாடகைக்கு இருக்கேன், ரோட்டை எடுத்தா இடம் அழகாயிரும், வாடகை ஏறிரும், கட்டும்போதும் நான்தான் போனேன், இடிக்கும்போதும் நான்தான் போகணுமான்னு கேட்டாங்க."

தப்பென்று ஒத்துக்கொள்ளவே ஒரு ஆயுசு. அதற்குப் பிறகும் அந்த அம்மாவுக்குப் பயம் போகவில்லை.

"அத்தான் எதுலயாவது கையெழுத்துப் போட்டாங்களா?" என்றான் தம்பி.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த இவர் மெதுவாகச் சொன்னார். "உரிமையாளர் முன்னிலையில அளந்ததுன்னு போட்டிருந்துச்சு."

"முழுசா வாசிச்சீங்களா அத்தான்?"

"மனுஷன் வெயில்ல நிக்காரு. நிக்க வச்சுக்கிட்டு வாசிக்க முடியுமாப்பா?"

"இனிமே அளவு தப்புன்னு சொல்ல முடியாது. கோடு தெருவுக்கு எதிர்ப்பக்கம் தள்ளிப் போகட்டும்னு மனு எழுதுங்க. வேற வழி இல்ல" என்றான்.

இன்று பள்ளிக்கூட அலுவலகத்தில் என் குமாஸ்தா வேலையை முடித்து வந்ததும் எழுத உட்கார்ந்தேன். எதிர்ப்பக்கம் இருப்பது சுப்பையா அண்ணாச்சியின் மாவு மில். மில்லுக்குப் பின்னால்தான் அவர் குடும்பம் குடியிருக்கிறது. தெரிந்துதான் எழுதினேன். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று சொல்லிக்கொண்டே அவர் கதவு எண்ணையும் எழுதினேன்.

எழுதி முடித்து உறையில் போட்டு ஒட்டும்போது அண்ணாச்சியே படியேறி வந்தார். கையில் ஒரு வெள்ளைத்தாள். (தெருவில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். ரேஷன் கார்டு, தண்ணீர் இணைப்பு, எல்லாம் என் கைவண்ணம்.)

உறையைக் கவிழ்த்து வைத்தேன்.

"எம்மா, ஒரு மனு எழுதித் தரணும். கோடு எங்க பக்கம் வந்திரக் கூடாதுன்னு."

"அங்கன வருதுன்னு யாரு சொன்னா அண்ணாச்சி?"

"யாரும் சொல்லலம்மா. நேத்து இங்கன அளந்தவங்க நாளைக்கு அங்கன அளக்க மாட்டாங்களா?" தாளை என் முன்னால் வைத்தார். "உங்க பக்கமே நிக்கட்டும்னு எழுதிராதீங்க. அது பாவம். எங்க பக்கம் வேண்டாம்னு மட்டும் எழுதுங்க."

இரண்டும் ஒன்றுதான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுதிக் கொடுத்தேன். என் மனுவைவிட நன்றாகவே வந்திருந்தது.

வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து, என்னிடமே நீட்டினார்.

"நாளைக்குக் காலையில மில்லை விட்டுட்டு வர முடியாது. நீங்க போகையில இதையும் பெட்டியில போட்டிருங்கம்மா. உங்களை விட்டா யாரை நம்ப?"

இப்போது இரண்டு உறைகளும் என் கைப்பையில் இருக்கின்றன. வீடு போய்விடுமோ என்று நேற்று பயந்தேன். இன்று என்னை நினைத்தே பயமாக இருக்கிறது.

நீங்களாக இருந்தால், நாளைக் காலை அந்தப் பெட்டியில் எத்தனை உறை போடுவீர்கள்?