நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் ஒரு எலுமிச்சை

இன்று காலை அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருந்தேன். என்னை இரண்டு முறை தாண்டிப் போன ஒரு பெண், திடீரென்று நின்று எலுமிச்சைத் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, கால் புடிச்சிக்கிச்சா?"

"இல்லக்கா. நாப்பத்தஞ்சு நிமிசம் ஆச்சு. ஆஃப் டைம்."

ஆவடி குவார்ட்டர்ஸ் பெண்கள் அணியில் பத்து வருடம் கால்பந்து ஆடியவளாம். பாதி ஆட்ட இடைவேளையில் எலுமிச்சை சப்பும் பழக்கம் விடவில்லை. போன மாதம் ஒரு மாரத்தானில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவள், சரியாக நாற்பத்தைந்தாவது நிமிடம் ஓரமாக நின்று எலுமிச்சை சப்பியிருக்கிறாள்.

அப்படியும் மூன்றாவதாக வந்திருக்கிறாள்.

"அப்ப பந்தை ஏம்மா விட்டே?"

"நான் எங்கக்கா விட்டேன்? ஒவ்வொருத்தியா கல்யாணம் ஆயி போய்ட்டாளுங்க. திரும்ப பதினோரு பேர் சேர்ற வரைக்கும் ஒடம்பு கெட்டுடக் கூடாதுன்னு ஓடிக்கினு கீறேன். பந்து ஊட்ல காத்தடிச்சு ரெடியா கீது."

என் கையிலும் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு ஓடிப்போனாள்.

ஆக, இப்போது இரண்டு பேர் இருக்கிறோம். இன்னும் ஒன்பது பேர் வேண்டும். அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துத் தோழிகள் கமெண்ட்டில் கை தூக்குங்கள்.

கோல்கீப்பர் இடம் மட்டும் கேட்காதீர்கள். ஓட வேண்டியதில்லை என்பதால் அதை நான் எடுத்துக்கொண்டேன்.