மூட்டை மேல் உட்கார்ந்த முருகேசன் அண்ணன்

கட்டிங் ஆயிலும் வெல்டிங் புகையும் கலந்து ஒரு வாசனை வருமே... தஞ்சாவூரில் நான் படித்த கல்லூரி ஒர்க்‌ஷாப்பை நினைத்தால் இன்றைக்கும் அதுதான் முதலில் மூக்கில் ஏறுகிறது.

நான் படித்தது இண்டஸ்ட்ரியல் டிசைன். நாற்காலி, மிக்ஸி, விளக்கு என்று அழகழகாக வரையலாம் என்றுதான் சேர்ந்தேன். அங்கே போனால் மெக்கானிக்கல் பேப்பர் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது! டார்க், ஸ்ட்ரெஸ், பெண்டிங்... ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. இரண்டு முறை அரியர். பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. இந்த முறையும் கோட்டை விட்டால் அதுவும் போய்விடும்.

கடைசியாக ப்ராக்டிகல். நெல் மூட்டை ஒன்றை ஏற்றித் தள்ளிப்போக நாலு சக்கரக் கைவண்டி செய்ய வேண்டும். செய்துவிட்டேன். ஒரு மூட்டைக்கு மூன்று மடங்கு பாரம் தாங்குகிற மாதிரி கணக்குப் போட்டிருந்தேன். வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் அதைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி எதுக்கும்மா மூணு?"

பாடத்தில் படித்த விளக்கம் அந்த நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கீழ ஒரு மூட்டை, மேல ஒரு மூட்டை, அதுக்கும் மேல ஒரு ஆளு உக்காருவாங்க சார்..."

"கேள்வியில ஒரு மூட்டைன்னுதானே இருக்கு?"

"எங்க குடவாசல் பக்கம் ஒண்ணோட விடமாட்டாங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். போச்சு... பெங்களூர் வேலையும் போச்சு!

அடுத்தது லோடு டெஸ்ட். ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் முருகேசன் அண்ணன் ஒரு மூட்டையை ஏற்றி, ஒரு சுற்றுத் தள்ளிவிட்டு நின்றார். "இடம் கெடக்குல்ல" என்று இன்னொன்றையும் தூக்கி மேலே போட்டார். வேர்த்துவிட்டதோ என்னவோ, தாவி அதன் மேலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்!

"என்னங்க பண்றீங்க? எறங்குங்க!" எக்ஸாமினர் பதறினார்.

"ஒண்ணும் ஆவாது சார். வண்டி நல்லாத்தான் நிக்கிது."

அச்சு கிரீச் என்றது. அவ்வளவுதான்... வளையவில்லை. எக்ஸாமினர் குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். பிறகு மூடிய பேனாவைத் திறந்து மார்க் போட்டார்.

அப்பாடா! அன்று நான் விட்ட மூச்சு வடவாற்றங்கரை வரை கேட்டிருக்கும்.

இப்போது பெங்களூரில் ஆஸ்பத்திரிச் சாமான்கள் டிசைன் செய்கிறேன். எது எங்கே வளையும் என்று கம்ப்யூட்டரே சிவப்பில் காட்டிவிடுகிறது. ஆனால் யார் ஏறி உட்காருவார்கள் என்று அதற்குத் தெரியாதே... அதை நான்தான் சேர்க்க வேண்டும். முருகேசன் அண்ணன் கதையைச் சொன்னதிலிருந்து, "உங்க அண்ணன் இதுலயும் ஏறுவாரா?" என்று ஆபீஸில் ஓட்டுவார்கள்.

போன மாதம் அப்பாவுக்கு ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவரைத் தள்ளிக்கொண்டு வந்தது நான் டிசைன் செய்த ஸ்ட்ரெச்சரில்தான். லிஃப்டுக்காகக் காத்திருந்தோம். அம்மா கூடையையும் பிளாஸ்க்கையும் அப்பாவின் காலடியில் வைத்தாள். பிறகு, "கால் கடுக்குதுடி" என்று தானும் ஓரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

நர்ஸ் பதறிப்போய் ஓடி வந்தார்.

அன்று ஒர்க்‌ஷாப்பில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான் நான். இன்று சக்கரத்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"உக்காரட்டும் சிஸ்டர்... தாங்கும்" என்றேன்.