அகர வரிசையில் ஒரு வாஷிங் மெஷின்

வாஷிங் மெஷினைப் பிரிக்க உட்கார்ந்தால் மெஷின் அக்கா முதலில் செய்கிற காரியம், ஒரு பழைய துண்டைத் தரையில் விரிப்பது. கழற்றுகிற திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அதன்மேல் வைத்துக்கொண்டு போவார். மாட்டும்போது வலமிருந்து இடமாகத் திரும்பி வருவார். பதினெட்டு வருடத்தில் ஒரு திருகாணி மிஞ்சியதில்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை, பேருந்து ஓட்டுநரான அவர் கணவர், வீட்டைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அந்தத் துண்டை எடுத்து உதறிவிட்டார். அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியதைக் கேட்டபிறகு, அந்த இரண்டு நாளே தேவலை என்று தோன்றியதாக அவர் இன்றைக்கும் சொல்வார்.

முழங்கால்தான் எல்லாவற்றையும் மாற்றியது. மெஷின் கெட்டுப்போகிறவர்கள் என்னவோ நாலாவது மாடியில்தான் குடியிருப்பார்கள். லிப்டும் அன்றைக்குப் பார்த்துத்தான் மக்கர் செய்யும். கருவிப் பெட்டியோடு ஏறி இறங்கியே முட்டி தேய்ந்துவிட்டது.

"நீங்க படியை விடுங்க. இல்லேன்னா முட்டி உங்களை விட்டுடும்" என்றார் டாக்டர்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தொழிற்பயிற்சி நிலையம், ஆன்லைனில் பழுதுபார்ப்பு வகுப்பு எடுக்க ஆள் தேடியது. ஆறு வாரம் பன்னிரண்டு பேருக்கு நடத்திக் காட்ட வேண்டும். கடைசி வகுப்பை மேற்பார்வையாளர் நேரில் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தியானால் அடுத்த பருவத்திலிருந்து வேலை நிரந்தரம். ஆகாவிட்டால் மறுபடி நாலாவது மாடி.

அலுவலகத்தில் வேலை பார்க்கும் தங்கைதான் அக்காவுக்கு ஒரு டிஜிட்டல் நோட்டு திறந்து கொடுத்தாள்.

"ஒரே நோட்டுக்குள்ள எத்தனை பிரிவு வேணும்னாலும் வச்சுக்கலாம்க்கா. பிரிவுக்குள்ள பக்கம். பக்கத்துல எழுதலாம், படம் ஒட்டலாம், பேசிக்கூட வைக்கலாம்."

"என் துண்டு மாதிரின்னு சொல்லு."

"எந்தத் துண்டு?"

"அதை உங்க மாமாகிட்ட கேளு."

அக்கா பாடப் பிரிவில் ஒன்பது பக்கங்கள் போட்டார். பிளக்கைப் பிடுங்கு. தண்ணீரை வடி. பின்மூடியைக் கழற்று. பெல்ட்டைப் பார். மோட்டாரைச் சோதி. அடைப்பை எடு. ஆட்டத்தை நிறுத்து. மூடியைப் போடு. கடைசியாக, ஓட்டிப் பார். ஒவ்வொரு பக்கத்திலும் படம், படத்துக்குக் கீழே அக்காவின் குரல். பன்னிரண்டு பேருக்கும் தனித்தனிப் பிரிவு. அவரவர் வீட்டில் பிரித்துப் பார்த்த மெஷினைப் படம் பிடித்து அதில் ஒட்டுவார்கள். அக்கா விரலாலேயே சிவப்பு வட்டம் போட்டு, "இந்த வயர் ஏன் முறைச்சுக்கிட்டு நிக்குது?" என்று எழுதுவார்.

"பாடப் பிரிவை மட்டும் பூட்டிடுக்கா. மத்தவங்க படிக்கலாம், மாத்த முடியாது" என்றாள் தங்கை.

"பூட்டினா ஓரத்துல சந்தேகம் எழுதுறது எப்படி? என் கருவிப் பெட்டிக்கே பூட்டு கிடையாதுடி."

"பட்டாத்தான் உனக்குத் தெரியும்."

மாணவர்களில் இருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒருவர் லாட்ஜ் ஒன்றின் சலவை அறையைக் கவனித்துக்கொள்பவர். அக்கா வாயைத் திறக்குமுன் அடுத்த வேலையை முடித்துவிடுவார் என்பதால் வகுப்பே அவருக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்திருந்தது. அவரும் அதையே திரையில் தன் பெயராகப் போட்டுக்கொண்டார். இவருக்காகவே அக்கா ஒரு சட்டம் போட்டிருந்தார்: "நோட்டுல இருக்கிறபடி செய்ங்க. சொந்த மூளைக்கு லீவு குடுங்க."

இன்னொருவர் ஓய்வுபெற்ற நூலகர். முப்பத்தாறு வருடம் புத்தகம் அடுக்கியவர். அவர் பிரிவில் படங்களுக்கு எண், தேதி, தலைப்பு எல்லாம் இருக்கும். மெஷினின் பெல்ட்டை மட்டும் தலைகீழாக மாட்டியிருப்பார்.

கடைசி வகுப்பு ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. அக்காவின் கடையில் பிரித்துப்போட்ட இரண்டு மெஷின்களுக்கு நடுவே, ஒரு ஸ்டூலில் மேற்பார்வையாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். சிரிப்பதற்கு விண்ணப்பம் போட வேண்டிய முகம். மடியில் டேப்லெட், அதில் அதே நோட்டு. பன்னிரண்டு பேரும் மெஷினில் தண்ணீர் நிரப்பி, பாதி ஓட்டத்தில் நின்றுபோனதாக வைத்துக்கொண்டு, நோட்டைப் பார்த்து ஒன்று முதல் ஒன்பது வரை செய்து காட்ட வேண்டும். அதுதான் பரீட்சை.

"எல்லாரும் நோட்டைத் திறங்க. முதல் பக்கத்துல..." என்று அக்கா ஆரம்பித்தார்.

"முதல் பக்கம் முடிச்சிட்டேன்க்கா!" என்றது திரையில் முந்திரிக்கொட்டையின் சதுரம். தொடர்ந்து அணை திறந்தமாதிரி ஒரு சத்தம். "அய்யய்யோ! அக்கா! தண்ணி!"

அவர் மெஷினின் அடியில் இருக்கும் வடிகட்டியைத் திருகி எடுத்திருந்தார். உள்ளே இருந்த தண்ணீர் அத்தனையும் அவர் கால்சட்டையில். பிளக் இன்னும் சுவரில்.

அக்கா திரைக்கு அருகே குனிந்தார். குரல் கலங்கவில்லை.

"பிளக்கைத் தொடாதீங்க. கை ஈரம். மெஷினையும் தொடாதீங்க. திரும்பி நேரா வெளிய போங்க. மெயின் சுவிட்ச் எங்க?"

"வராந்தாவுல!"

"ஈரம் இல்லாத ஆள் யாரையாவது விட்டு அணைக்கச் சொல்லுங்க."

அவர் சதுரம் இருட்டானது. கொஞ்ச நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அணைச்சாச்சுக்கா. மொத்த லாட்ஜும் அணைஞ்சிருச்சு. ஆறாம் நம்பர் ரூம்காரர் பாதி மீசையோட வெளிய வந்து நிக்கிறார்."

பதினோரு சதுரங்களும் சிரித்தன. அக்கா சிரிக்கவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பக்கம் 'அடைப்பை எடு'. இரண்டாவது 'ஆட்டத்தை நிறுத்து'. மூன்றாவதே 'ஓட்டிப் பார்'. 'பிளக்கைப் பிடுங்கு' ஐந்தாவதாக, ஒன்றும் தெரியாதமாதிரி நின்றது.

"யார் என் துண்டை உதறினது?" என்றார் அக்கா.

மேற்பார்வையாளர் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நூலகரின் சதுரத்தில் மட்டும் ஒரு கை மெல்ல உயர்ந்தது.

"நான்தாம்மா. இன்னிக்கு விடிகாலையில. மேடம் வர்ற நாள், பக்கம் எல்லாம் தாறுமாறா கிடக்குதேன்னு அகர வரிசையில அடுக்கினேன்."

"தாறுமாறாவா? சார், மெஷினை ஓட்டிப் பாத்தப்புறம்தான் பின்மூடியைக் கழற்றணும்னு உங்க நூலகத்துல எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?"

"தப்புதாம்மா. தேடுறவனுக்கு வசதியா இருக்கட்டும்னு..." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அக்காவின் கோபம் அந்தக் கண்ணாடியைப் பார்த்ததும் இறங்கிவிட்டது. ஸ்டூல் பக்கம் திரும்பி, "மேடம், தப்பு என்னோடது. பூட்டச் சொன்னாங்க, நான் பூட்டலை" என்றார். அந்த அம்மா எதையோ குறித்துக்கொண்டார்.

நாலாவது மாடிப் படிகள் அக்காவின் கண்முன் ஒவ்வொன்றாக வந்து போயின. வேலை எப்படியும் போகத்தான் போகிறது, வகுப்பை ஒழுங்காகவாவது முடிப்போம் என்று தோன்றியது. பழைய துண்டை எடுத்துத் தரையில் விரித்தார்.

"எல்லாரும் நோட்டை மூடுங்க. மூளையோட லீவு ரத்து. நான் வாயே திறக்க மாட்டேன். முதல்ல என்ன?"

பதினோரு பேரும் சேர்ந்து கத்தினார்கள்: "பிளக்கைப் பிடுங்கு!" பன்னிரண்டாவது குரல் வராந்தாவிலிருந்து வந்தது. எல்லாவற்றையும்விட அதுதான் சத்தமாக இருந்தது.

ஒன்பதும் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. நூலகர்கூட பெல்ட்டை நேராக மாட்டினார். லாட்ஜில் ஈரம் காய்ந்து, கரண்டும் திரும்பி வந்து, பாதி மீசைக்காரர் மீதியையும் எடுத்துக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் மேற்பார்வையாளர் அம்மா எழுந்தார். வாசல் வரை போனவர் நின்றார்.

"எங்க வீட்டு மெஷின் துணி பிழியும்போது சமையலறைக்கே நடந்து வருது. அதுக்கு எத்தனாவது பாடம்?"

"ஏழு..." என்று ஆரம்பித்த அக்கா, நோட்டு இருக்கும் நிலையை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வேண்டாம், கிடைச்சிருச்சு. ஆட்டம்னா 'ஆ'தானே" என்று அந்த அம்மா அங்கேயே நின்று அக்காவின் குரலைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு டேப்லெட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. நடந்ததைக் கேட்ட கணவர் முதலில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்த நூலகர் சார்கூடவும் ரெண்டு நாள் பேச மாட்டியா?" பிறகு, "எனக்கு அவரைப் பாக்கணும்போல இருக்கு" என்றார்.

மறுநாள் காலை பாடப் பிரிவில் ஓரமாக ஒரு குறிப்பு இருந்தது. பூட்டாத பிரிவு என்பதால் யார் வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா. மேற்பார்வையாளர் அம்மா எழுதியிருந்தார்: "மெஷினின் கால்களைச் சமன் செய்தேன். மெஷின் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அடுத்த பருவம் முப்பது பேர். பாடப் பிரிவைப் பூட்டவும். தேடுகிறவர்களுக்கு அகர வரிசையில் தனிப் பிரிவு வைக்கவும். பொறுப்பு: நூலகர்."

அக்கா அதை மூன்று தடவை படித்தார். பக்கங்களைத் துண்டின் வரிசைக்குத் திருப்பிவைத்து, தங்கைக்குப் போன் போட்டு, "பூட்டு எங்கடி இருக்கு?" என்று கேட்டார். பூட்டுவதற்கு முன் பத்தாவதாக ஒரு பக்கம் சேர்த்தார்: 'வெள்ளம் வந்தால்'. படத்துக்கு ஈரக் கால்சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி ஒட்டினார்.

அடுத்த பருவத்துக்கான பெயர்ப் பட்டியலை அவர் அதுவரை திறந்திருக்கவில்லை. திறந்தபோது அதில் ஏற்கனவே ஒரு பெயர் இருந்தது. முந்திரிக்கொட்டை.