பூட்டிய அறைக்குள் இருநூற்றுப் பதினாறு வாட்

உள்ளங்கையில் நீல மையால் எழுதிய இரண்டு எண்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. பதினெட்டு, பன்னிரண்டு. கண்டனூரில் ஒரு பெரிய வீட்டின் வளவில், அறைகள் சூழ்ந்த நடுமுற்றத்தில், நின்றுகொண்டு என் தங்கை அவற்றை எழுதினாள். மறுநாள் அங்கே கல்யாணம். பந்தலுக்கும் சமையல்கட்டுக்கும் மின்வேலை எங்களுடையது. நான் இருபது வருடம் கம்பி இழுத்தவன். அவள் டிப்ளமோ முடித்து, லைசென்ஸ் வாங்கி, என்னோடு வேலைக்கு வந்த முதல் வருடம் அது. "பொம்பளப் பிள்ளைய எதுக்குப்பா ஏணி ஏத்துற?" என்று எங்கள் ஊரான கல்லலில் கேட்காத ஆள் இல்லை. நான் சிரித்து மழுப்புவேன். உள்ளுக்குள் எனக்கும் அந்தக் கேள்வி கொஞ்சம் இருந்தது என்பதை இப்போதாவது ஒத்துக்கொள்கிறேன்.

நல்லது கெட்டதுக்கு மட்டும் திறக்கிற வீடு அது. ஆறு பங்காளிகளுக்குப் பொது. ஆளுக்கு ஓர் அறை, ஆளுக்கு ஒரு பூட்டு. ஒவ்வொருவரும் தன் பங்குக்கு மட்டும் வயரிங் செய்துகொள்வது அங்கே வழக்கம். முந்தின அறைக்காரர் விட்ட இடத்தில் முறுக்கி, டேப்பைச் சுற்றி, அங்கிருந்து தன் கம்பியை இழுத்துக்கொள்வார்கள். அவர் செம்பு போட்டிருந்தால் இவர் அலுமினியம் போடுவார். மொத்தமாக மாற்றலாம் என்றால் ஆறு பேரும் ஒரே நாளில் ஊரில் இருக்கவேண்டும், ஒரே மனதாகவும் இருக்கவேண்டும். இரண்டும் நடக்கிற காரியமில்லை.

அன்று மத்தியானம் கிரைண்டர் ஓடும்போதெல்லாம் சமையல்கட்டு விளக்குகள் மங்கின. "லைன்லயே வோல்டேஜ் கம்மி" என்றேன். எதைக் கேட்டாலும் நான் சொல்கிற பதில் அதுதான். பியூஸ் போகவில்லை, ஆகவே வயரிங்கில் குறையில்லை என்பது என் தீர்ப்பு. தங்கை மீட்டரை எடுத்துக்கொண்டு, மெயினிலிருந்து சமையல்கட்டு வரை ஒவ்வோர் அறை வாசலாக அளந்து வந்தாள். பூட்டியிருந்த மூன்றாவது அறைக்குள் கம்பி நுழைகிற இடத்தில் இருநூற்று இருபத்தெட்டு வோல்ட். அதே கம்பி வெளியே வருகிற இடத்தில் இருநூற்றுப் பத்து. ஓடுகிற மின்சாரம் பன்னிரண்டு ஆம்பியர். அப்போதுதான் குறைந்த பதினெட்டையும் ஓடுகிற பன்னிரண்டையும் கையில் எழுதினாள்.

வகுத்தாள். ஒன்றரை ஓம். "இத்தனூண்டு கம்பிக்கு அர ஓம்கூட வரக்கூடாதுண்ணே" என்றாள். பிறகு பெருக்கினாள். இருநூற்றுப் பதினாறு வாட். "நாலு குண்டு பல்போட சூடு உள்ள ஒரே எடத்துல உக்காந்திருக்கு." அப்படியானால் பியூஸ் ஏன் போகவில்லை என்று விடாமல் கேட்டேன். "கரண்ட் கூடுனாத்தான பியூஸ் போகும்? இங்க கூடலையே. ஏதோ ஒரு இணைப்பு கெட்டு, தடைதான் கூடியிருக்கு." இருபது வருடமாக நான் பியூஸை நம்பி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

உடனே மெயினை அணைத்தாள். ஆனால் கம்பி ஓடுவது சுவரின் மேலே அடித்த தேக்குச் சட்டத்துக்குள். மரத்தில் கனல் பிடித்திருந்தால் மெயினுக்கு அது கட்டுப்படாது. திறந்து பார்த்தே ஆகவேண்டும். அந்த அறைக்குச் சொந்தக்காரர் கல்யாணப் பெண்ணின் பெரியப்பா. பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை, கல்யாணத்துக்கும் வரவில்லை. சாவி அவரோடு சென்னையில். பெண்ணின் தாயாரான ஆச்சி மூன்று முறை போன் செய்தார், அவர் எடுக்கவில்லை.

கல்யாண வீட்டில் பங்காளியின் பூட்டை உடைப்பது சின்ன விஷயமா? உள்ளே ஒன்றும் இல்லையென்றால் அந்தக் குடும்பம் இனி ஒட்டாது. என் தங்கையைச் சுற்றுவட்டாரத்தில் எவரும் வேலைக்குக் கூப்பிடவும் மாட்டார்கள். "உள்ள பாக்காமலே சொல்றியே ஆத்தா, நெசந்தானா?" என்று ஆச்சி கேட்டார். "அளந்துதான் சொல்றேன் ஆச்சி. மிச்சமெல்லாம் பெருக்கலும் வகுத்தலுந்தான், அதுல எனக்குச் சந்தேகமில்ல. நீங்க சொன்னீகன்னா தொறப்போம்" என்றாள். ஆச்சி என் பக்கம் திரும்பினார். "அவ சொன்னாச் சரியா இருக்கும் ஆச்சி" என்று சொல்லிவிட்டு, சுத்தியலை நானே எடுத்தேன்.

கதவு திறந்ததும் கருகல் வாடை முகத்தில் அடித்தது. சட்டம் ஒரு முழ நீளத்துக்குக் கரியாகி, ஓரத்தில் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, ஆள் உயரத்துக்கு அடுக்கிய இலவம்பஞ்சு மெத்தைகள். இரண்டு வாளித் தண்ணீரில் அடங்கியது. அந்த அறையைத் தவிர்த்து வெளிப்பக்கமாகப் புதிதாகக் கம்பி இழுத்துக் கொடுத்தோம். கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

இன்று அவளுக்குக் கீழே எட்டுப் பேர் வேலை செய்கிறோம், நானும் ஒருவன். ஏணி பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை. ஆனாலும் நான் பெருமைப்பட்ட ஒரு நாளைச் சொல் என்றால், கல்யாணம் முடிந்து மூன்று மாதம் கழித்து அந்தப் பெரியப்பா ஊருக்கு வந்து எனக்கு ஆள் அனுப்பிய நாளைத்தான் சொல்வேன். "எம் பூட்ட ஒடச்சது யாரு?" என்றார். நான்தான் என்றேன். "யாரு சொல்லி?" "எந் தங்கச்சி சொல்லி." அவர் உள்ளே போய்க் கரிந்த சட்டத்தையும் கீழே இருந்த மெத்தைகளையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். வெளியே வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "மத்த அஞ்சு பேர்ட்டயும் நா பேசுறேன். வீடு முழுக்க மாத்தணும். ஒந் தங்கச்சி எப்ப வருவாக?"