கோதுமை மாவில் போட்ட கோடுகள்

ஈப்போவில், புந்தோங்கிற்குப் பக்கத்திலுள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. தேர்வு நெருங்கினால் கணித ஆசிரியர்கள் வந்து என் பாடவேளையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மனையியல் பாடத்துக்கும் அதே கதிதான். இந்த ஒற்றுமையாலேயே நானும் மனையியல் ஆசிரியையும் நெருங்கிய தோழிகளாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஒருமுறை சேறு ஒட்டிய சப்பாத்துக் காலோடு அவருடைய சமையல் அறைக்குள் போய்விட்டேன். அவர் என் பின்னாலேயே தரையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அதன்பிறகு நாங்கள் வணக்கம் சொல்லிக்கொள்வதோடு சரி.

அவர் செட்டிநாட்டுக் குடும்பம். வீட்டில் பலகாரம் சுடுவதையும் பள்ளியில் பாடம் நடத்துவதையும் ஒரே கண்டிப்போடு செய்பவர். நான் கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். எனக்கு முட்டை அவிக்கத் தெரியும்.

அந்த வருடம் விளையாட்டுப் போட்டிக்கு முந்தைய வாரம் பெய்த மழையில் என் ஸ்டோரின் கூரை ஒழுகியது. திடலில் கோடு போடுகிற சுண்ணாம்புத் தூள் ஒரு மூட்டை அங்கே இருந்தது. நனைந்தால் கல்லாகிவிடும். பள்ளியில் ஈரமே அண்டாத இடம் மனையியல் அறையின் பின்பக்க ஸ்டோர்தான். அவர் வீட்டுக்குப் போன பிறகு, கேட்காமல், மூட்டையை அங்கே கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் பொது ஊழியரைக் கூப்பிட்டு, கதவுக்குப் பின்னால் உள்ள வெள்ளை மூட்டையை எடுத்துக் கோடு போடச் சொன்னேன். புல் வெட்டுவது, குழாய் அடைப்பு எடுப்பது, நாற்காலி தூக்குவது எல்லாம் அவர் வேலை. என்னைவிட மூன்று வயது இளையவர். எல்லாரும் அண்ணே என்றதால் நானும் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். குத்தகை நிறுவனம் அனுப்பிய ஆள், வந்து ஆறு மாதம்தான். ரப்பர் பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர். சின்ன வயதிலிருந்து மர நிரைகளைப் பார்த்த கண் என்பார். கயிறு கட்டாமலே நேர்க்கோடு போடுவார்.

எனக்குத் தெரியாதது ஒன்று. விருந்தினர்களுக்கு உருளைக்கிழங்குக் கறி அடைத்த கறிபாப் செய்வதற்காக மனையியல் ஆசிரியை ஒரு மூட்டை கோதுமை மாவு வாங்கி வைத்திருந்தார். எலி கடித்த பையை மாற்றி, மாவை ஒரு வெள்ளைச் சாக்கில் கொட்டி, என் மூட்டையைக் கவனிக்காமல் அதே கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

மறுநாள் காலை ஆறரைக்குப் பள்ளிக்குள் நுழைந்தபோது கோடுகள் பளீரென்று இருந்தன. அவற்றின் மேல் புறாக்களும் இருந்தன. மைனாக்கள் தனியே ஒரு கூட்டம். முடிவுக் கோட்டில் ஒரு தெருநாய் நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால், இரண்டாம் தடத்தில் எறும்புகள் கோட்டை விட்டு விலகாமல் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன.

நாய்க்குச் சுண்ணாம்பு பிடிக்குமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி ஓடி வந்தாள். மனையியல் டீச்சர் கூப்பிடுகிறார் என்றாள்.

சமையல் அறையில் பத்து மாணவிகள் ஏப்ரனோடு வரிசையாக நின்றார்கள். மேசையில் உருளைக்கிழங்குக் கறி மணந்தது. ஆசிரியை கையில் ஒரு கிண்ணம், அதில் கதவுக்குப் பின்னால் மிச்சமிருந்த மூட்டையிலிருந்து எடுத்த வெள்ளைத் தூள். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டிருக்கிறது.

"டீச்சர், இதுல நான் கறிபாப் சுடட்டுமா, இல்ல செவுத்துக்கு அடிக்கட்டுமா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பித் திடலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு, அவர் சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கேண்டீனில் ரொட்டி இருக்கிறதா என்று பார்த்துவர ஒரு மாணவியை அனுப்பினார்.

எட்டு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். கோடுகளை அழித்துப் போட நேரமில்லை. அண்ணே புல்வெட்டும் இயந்திரத்தை முடுக்கிக்கொண்டு திடலைச் சுற்றி வந்தார். சத்தத்துக்குப் புறாக்கள் எழுந்தன. சுற்றி முடித்து அவர் இயந்திரத்தை அணைத்ததும் திரும்ப வந்து உட்கார்ந்தன. நூறு மீட்டர் ஓட்டத்தில் நான்காம் தடத்து மாணவி ஒரு புறாவைச் சுற்றிக்கொண்டு ஓடி மூன்றாவதாக வந்தாள். அவளுடைய விளையாட்டு இல்லத்து அணியினர் ஆட்சேபம் தெரிவித்தார்கள். விதிப் புத்தகத்தில் புறாவைப் பற்றி எதுவும் இல்லை. நியாயம் பார்த்து மறுபடியும் ஓட விட்டோம். புறா இல்லாமலும் மூன்றாவதாகத்தான் வந்தாள்.

விருந்தினர் கறி வைத்த ரொட்டியை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். இவ்வளவு நேரான கோடுகளைத் தான் பார்த்ததில்லை என்று மேடையில் சொன்னார். மாணவர்கள் பறவைகளிடம் காட்டும் அன்பையும் பாராட்டினார்.

எல்லாம் முடிந்ததும்தான் எனக்கு அண்ணேயின் நினைவு வந்தது. விஷயம் எப்படியும் பள்ளி முதல்வர் காதுக்குப் போகும். குத்தகை நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டால் அண்ணேயின் வேலை போய்விடும். அதனால் முதல்வர் அறைக்குப் போய், அதிகம் பேசாத அந்த மலாய் அம்மையாரிடம், எல்லாம் என் தவறு, கேட்காமல் மூட்டையை வைத்தது நான்தான் என்று மலாயில் ஒப்பித்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் மூன்றாவது ஆள் என்றார். முதலில் வந்த ஊழியர், மூட்டையில் இருந்தது என்னவென்று கேட்காதது தன் தவறு என்றாராம். அடுத்து வந்த ஆசிரியை, சாக்கில் பெயர் எழுதாதது தன் தவறு என்றாராம். ஒரு மூட்டை மாவுக்கு மூன்று குற்றவாளிகளை வைத்துக்கொண்டு தான் யாரை விசாரிப்பது என்று கேட்டார். தண்டனையாக, திங்கட்கிழமைக்குள் மூவரும் சேர்ந்து திடலைக் கழுவிவிட வேண்டும். எறும்பு கடித்ததாக ஏற்கெனவே இரண்டு பெற்றோர் வாட்சப்பில் எழுதிவிட்டார்களாம்.

வெளியே வந்து அண்ணேயைத் தேடினேன். கூடாரத்தின் கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். வேலைக்கு ஆபத்து என்று தெரியாதா, ஏன் முதல் ஆளாகப் போய்ச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கோடு போட்டது நான்தானே டீச்சர். வேற யாரு போய் சொல்றது?"

பிரித்தபோது மாவு என்று தெரியவில்லையா என்றேன்.

"வழுவழுன்னு நல்லா வந்துச்சு. இந்த வருசம் ஸ்கூல்ல நல்ல சாமானா வாங்கிட்டாங்கன்னு நெனச்சேன் லா."

சனிக்கிழமை காலை அண்ணே குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். நான் துடைப்பத்தோடு நின்றேன். ஆசிரியை புதிதாக வாங்கிய வெள்ளைச் சப்பாத்தில் வந்து இறங்கினார். முதல் சுற்றிலேயே அது சேறாகிவிட்டது. குனிந்து பார்த்துவிட்டு, ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். பாதித் திடல் முடிந்தபோது என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, தினமும் எத்தனை சுற்று நடந்தால் இடுப்புச் சதை குறையும் என்று கேட்டார்.

ஆறு சுற்று என்றேன். நாலாகக் குறைக்க முடியுமா என்று பேரம் பேசினார்.