தானா ஓடும் வண்டி

முருகையா சோற்றுத் தட்டைத் தரையில் வைத்துச் சாப்பிட்டதில்லை. இடது கையால் தகரத் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு கவளத்துக்கும் தட்டு கொஞ்சம் இடப்பக்கம் திரும்பும், கொஞ்சம் வலப்பக்கம் திரும்பும், பிறகு நேராகும். வெறும் மரவள்ளிக்கிழங்கு தின்ற நாட்களிலும் அப்படித்தான். சாப்பிடும்போதும் அவர் பாலிங் ரோட்டு வளைவுகளில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வளைவுகளில் ஒன்றில்தான் அவருடைய அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே தூங்கிப்போய், லாரியோடு பள்ளத்தில் விழுந்து செத்தார்.

முருகையாவும் லாரி டிரைவர்தான், லூனாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்.

ஜப்பான்காரன் வந்து, வெள்ளைக்கார துரை ஓடிப்போய், ரப்பர் பால்வெட்டும் நின்றபிறகு, முருகையா ரப்பர்க் கட்டையில் ஒரு சின்ன வண்டி செதுக்கினார். அதன் முன் அச்சிலிருந்து இரண்டு மூங்கில் குச்சிகள் கரப்பான் மீசைபோல இருபக்கமும் நீண்டிருக்கும். லயத்துக் கால்வாயில் தண்ணீர் இல்லாதபோது உள்ளே வைத்துத் தள்ளிவிடுவார். மீசை எந்தச் சுவரில் உரசுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் வண்டி தானே திரும்பிக்கொள்ளும். எங்கும் முட்டாமல் கடைசி வீடுவரை போகும்.

"ரோட்டு ஓரமா நீளத்துக்கு ஒரு சுவரு கட்டிட்டாப் போதும்லா. டிரைவர் தூங்கினாலும் கெரெத்தா தூங்காது, வண்டி தானா திரும்பிக்கும்."

"அப்ப உங்களுக்கு என்னண்ணே வேலை?" என்பான் எதிர்வீட்டு மனோகரன்.

"பின்னால உக்காந்து உன்னை மாதிரி வாயடிச்சிக்கிட்டு வருவேன்."

மனோகரன் அக்கா மருதம்மாள் வீட்டில் இருந்தான். அவள் புருஷன் ராமையா.

நாற்பத்து மூன்றில், சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் வேண்டுமென்றான் ஜப்பான்காரன். ஆளைப் பொறுக்கிக் கொடுத்தது தோட்டத்துக் கணக்கு எழுதும் எங்கள் கிராணி. அந்த ஆளுக்கு நான் 'ர்' விகுதி போடப்போவதில்லை. துரைக்கு எவ்வளவு குனிந்தானோ ஜப்பான்காரனுக்கும் அவ்வளவே குனிந்தான். "மூணு மாசந்தான், அரிசி உண்டு, துணி உண்டு" என்று நம் தமிழில் சொன்னான். அதே பொய்யை ஜப்பான் பாஷையில் சொல்லியிருந்தால் ஒருவனும் லாரியில் ஏறியிருக்கமாட்டான்.

ராமையா ஏறினார். சுங்கை பட்டாணி ரயில் நிலையம்வரை லாரியை ஓட்டியது முருகையா. மூன்று மாதம் கழிந்தும் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. மறுபடி ஆள் கேட்டார்கள். இந்தத் தடவை மனோகரன்.

அன்று சாயங்காலம் முருகையா கால்வாய்க்கரையில் குந்தியிருந்தார். மருதம்மாள் நேராக வந்தாள். வழக்கமாக அவரை 'அண்ணே' என்பவள்.

"எம்புருஷன ஏத்திக்கிட்டுப் போனது யாரு?"

"போகச் சொன்னாங்க, ஓட்டினேன் தங்கச்சி."

"நாளைக்கு எந்தம்பிய ஏத்தச் சொல்லுவாங்க. ஓட்டுவ."

அவர் கையிலிருந்த மரவண்டியைக் கரையில் வைத்தார்.

"தானா ஓடுற வண்டி, தானா ஓடுற வண்டின்னு எதுக்குய்யா கட்டையச் செதுக்கிட்டுக் கெடக்க? அதான் இருக்கே! தள்ளிவிட்டாப் போவுது. எங்கன்னு கேக்காது, யார ஏத்திருக்குன்னு பாக்காது. நீதான்யா அது!"

வண்டியை ஓர் உதை விட்டாள். மீசை இரண்டும் ஒடிந்தன. லயமே வாசலில் நின்று பார்த்தது. அந்த உதை விழவேண்டிய இடம் கிராணியின் வீடு. அங்கே துப்பாக்கி நின்றது. அதனால் கால்வாய்க்கரையில் விழுந்தது.

பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் எங்கள் லாரி கரிப்புகையில்தான் ஓடியது. முதுகில் ஓர் அடுப்புப் பீப்பாய். மறுநாள் காலையில் முருகையா அதில் பச்சை ரப்பர் விறகைத் திணித்து, மேலே மட்டும் கரியைப் பரப்புவதைப் பார்த்தேன். பச்சை விறகின் புகை தாராக இறுகி எஞ்சினை அடைத்துவிடும். டிரைவர்களுக்கெல்லாம் இது தெரியும். முன்னால் ஏறி உட்கார்ந்த சிப்பாய்க்குத் தெரியாது.

மற்றதை மனோகரன் சொன்னான். மேட்டு உச்சிக்குக் கொஞ்சம் கீழே லாரி இருமி நின்றது. தள்ளவேண்டும் என்று முருகையா கையைக் காட்டினார். சிப்பாய் இறங்கவில்லை, தள்ளுவது கூலிகள் வேலை. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். முருகையா கதவோரம் நடந்தபடி ஸ்டீயரிங்கைப் பிடித்துவந்தார். உச்சி தாண்டியதும் கையை எடுத்தார்.

"விடுங்கடா! காட்டுக்குள்ள ஓடுங்கடா!"

டிரைவர் இல்லாமல் அவருடைய வண்டி ஓடியது அந்த ஒரு தடவைதான். உள்ளே சிப்பாய் அலறினான். கீழே பள்ளத்தில் அவன் காலும் லாரியின் அச்சும் ஒடிந்தன. மனோகரன் போர் முடியும்வரை மெர்போக் ஆற்றுமுகத்தில், தஞ்சோங் டாவாய் மீனவர்களோடு வலை இழுத்தான்.

முருகையா ஓடவில்லை. டிரைவரும் ஓடினால் லயத்தைக் கொளுத்துவார்கள். "எஞ்சின் செத்துப்போச்சு, பிரேக்கு பிடிக்கல" என்று சிப்பாய்கள் அடித்த ஒவ்வொரு அடிக்கும் அதையே சொன்னாராம். சயாமுக்குப் போன அடுத்த லாரியில் அவரையே ஏற்றினார்கள். "நல்ல டிரைவர், வண்டிதான் மோசம்" என்று வருத்தப்பட்டான் கிராணி. இப்போது போர் முடிந்து, வெள்ளைக்கார துரை திரும்பி வந்துவிட்டார். இன்றைக்கும் அவன்தான் கிராணி.

போன மாதம் ராமையா எலும்பும் தோலுமாகத் திரும்பினார். சயாமில் அவரும் முருகையாவும் ஒரே முகாமில்தான் இருந்தார்களாம். அங்கே ஒருநாள் லாரி ஓட்டத் தெரிந்தவன் முன்னால் வா என்றார்களாம். டிரைவருக்கு இரண்டு வேளைச் சோறு, ஒழுகாத கூரை. எல்லோரும் முருகையாவைப் பார்த்தார்கள்.

"தெரியாதுன்னுட்டாரு. மண்ணு சொமந்துக்கிட்டே காலராவுல போயிட்டாரு" என்றார் ராமையா. "அங்க அவரு தட்டத் தரையில வச்சித்தான் சாப்பிட்டாரு, தம்பி."